கோஸ்தான் எடுக்காத வோல்வோ

4 ஜூலை 2025, வெள்ளி

போர்ச் கூரை ஒழுகுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து தகரம் மாற்றுகிறார்கள், காரை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். என் சின்னக் கார் கான்சில் எப்போதும் ரோட்டில்தான் நிற்கும். போர்ச்சில் இருப்பது அண்ணனுடைய வோல்வோ. மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறது.

வெள்ளிக்கிழமை என்பதால் ஏழு மணிக்கு வழக்கம்போல ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிடம் இன்ஜின் ஓடும். பானெட்டில் மஞ்சள், குங்குமம். சூடம் காட்டிவிட்டு அணைத்துவிடுவேன். இன்று அதோடு விடாமல், கோஸ்தான் எடுத்துப் பின்பக்கமாக வெளியே விடலாம் என்று கியரை ஆரில் போட்டேன். இன்ஜின் கத்தியது. கார் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். கத்தல்தான் கூடியது. சரி, டி-யில் போட்டுப் பார்ப்போமே என்று போட்டேன். அது மட்டும் உடனே பிடித்து, நேராகப் போய் சப்பாத்து ரேக்கில் மோதியது.

எல்லாம் சரிந்து விழுந்தன. என்னுடையது இரண்டு ஜோடி. மற்ற ஆறும் அண்ணனுடைய இடது கால் சப்பாத்துகள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனியாகச் சிரித்தேன். ஐம்பத்து நாலு வயதில் தன் வீட்டுச் சுவரையே இடிக்கப் போனவள். இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். ஆபீசில் சொன்னால் மூன்று பேர் சிரிப்பார்கள், அப்புறம் அவரவர் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

5 ஜூலை, சனி

மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆர் இல்லை. இல்லவே இல்லை.

6 ஜூலை, ஞாயிறு

கூரை ஆட்கள் நாலு பேர் சேர்ந்து வோல்வோவைத் தள்ளி வெளியே விட்டார்கள். தள்ளும்போது ஒருவன் குனிந்து எதையோ எடுத்து, “இது என்ன அக்கா?” என்று மலாயில் கேட்டான். கருத்து, கல்லாகக் காய்ந்துபோன எலுமிச்சம்பழம். சக்கரத்துக்குப் பின்னால் இருந்து மொத்தம் எட்டு எடுத்தார்கள்.

என்னவென்று சொல்வது? ஆயுத பூஜைக்கு நான் வைத்தது. போன வருடம் நாலு, அதற்கு முந்தின வருடம் நாலு. எல்லோரும் சக்கரத்துக்கு முன்னால் வைப்பார்கள். இந்தக் கார் கோஸ்தானில்தான் வெளியே வர வேண்டும், அதனால் நான் பின்னால் வைத்தேன். வைத்துவிட்டு நசுக்கவில்லை. அண்ணன் வந்து நசுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணன் வரவில்லை.

“சாமி காரியம்” என்றேன். தலையாட்டிவிட்டு ஓரமாக அடுக்கி வைத்தான். நல்ல பையன், தூக்கிப் போடவில்லை.

அண்ணன் காளிமுத்து செம்பனை எண்ணெய் டாங்கி லாரி ஓட்டியவர். முப்பது வருடம் கிளட்ச் மிதித்து மிதித்து அலுத்துப்போய், “சொந்தக் காடி வாங்குனா ஆட்டோ கியர்தான்” என்று இந்த எண்பத்தாறாம் வருட வோல்வோவை மலாக்காவில் ஒரு பல் டாக்டரிடம் வாங்கினார். சோம்பேறி வண்டி என்று நான் கிண்டல் செய்வேன். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு புக்கிட் பெருவாங்கில் இந்த வீட்டில் நானும் அவரும்தான். இரண்டாயிரத்து இருபத்து மூன்று பிப்ரவரியில் சர்க்கரையால் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். ஏப்ரலில் வீட்டை விட்டுப் போய்விட்டார். வலது கால் சப்பாத்துகளை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

அந்த எட்டையும் குப்பையில் போடவில்லை. ரேக்கின் மேல் வைத்திருக்கிறேன்.

9 ஜூலை, புதன்

எங்கள் ஆபீஸ் லாரிகளைப் பார்க்கும் திலீபன் இழுவை லாரியோடு வந்தார். அலோர் காஜாவில் வர்க்‌ஷாப். நாற்பது வயதிருக்கும், கையில் எப்போதும் ஐஸ் கோப்பி.

“எவ்ளோ நாளா ஓட்டல அக்கா?”

“ஓட்டலதான். ஆனா வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணேன். வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை.”

“நகத்துனீங்களா?”

“இல்ல. பத்து நிமிஷம் ஓடவிட்டு, சூடம் காட்டி, ஆயுத பூஜைக்குப் பின்னாடி எலுமிச்சங்கா வச்சி...”

கோப்பிக் குழாயைக் கடித்துக்கொண்டு சிரித்தார். “சூடம் காட்டுனா சீல் நனையாது லா. ஆட்டோ கியர்பாக்ஸ்ல உள்ள பூரா ரப்பர் சீல். ஓட்டுனாத்தான் எண்ணெய் எல்லாத்துலயும் ஏறும். நிக்க வச்சே ஸ்டார்ட் பண்ணா இன்ஜின் நல்லாருக்கும், இது காஞ்சி வெடிச்சிரும். கோஸ்தானுக்குத்தான் அழுத்தம் ரொம்ப வேணும், அதான் அது மொதல்ல போச்சு.”

நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நூறு வெள்ளிக்கிழமைக்கு மேல் இருக்கும். அவ்வளவு வாரமும் உட்கார்ந்து கெடுத்திருக்கிறேன்.

கார் போன பிறகு போர்ச் ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

11 ஜூலை, வெள்ளி

ஏழு மணிக்குச் சாவியும் சூடமுமாக வெளியே வந்துவிட்டேன். கார் இல்லை. கொளுத்திய சூடத்தை என்ன செய்வது? ரோட்டுக்குப் போய்க் கான்சிலுக்குக் காட்டினேன். அதற்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

12 ஜூலை, சனி

அலோர் காஜா போனேன். கியர்பாக்ஸைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார் திலீபன். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வழி என்றார். ஒன்று, இதையே முழுதாகப் பிரித்து, சீல், கிளட்ச் தட்டு எல்லாம் புதிதாகப் போட்டு மறுபடி பூட்டுவது. சாமான் வெளியிலிருந்து வர வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இன்னொன்று, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு மெனுவல் கியர்பாக்ஸ் மாட்டுவது. அதே மாதிரி காரிலிருந்து எடுத்த ஒன்று அவரிடமே இருக்கிறது, பெடலோடு. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

“நான் மெனுவல்தான் சொல்வேன். பழைய காடிக்கு அதான் நிம்மதி. இந்த ஆட்டோவை இனி எவன் பாப்பான்? தகட்டைக் கொஞ்சம் வெட்டணும், அவ்ளோதான்.”

“வெட்டிட்டா மறுபடி ஆட்டோ போட முடியாதா?”

“போடலாம். யாரு போடுவா? வெட்டினது வெட்டினதுதான்.”

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. அந்தச் சொல்லை இன்னொரு இடத்தில், வெள்ளைக் கோட்டு போட்டவர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

“யாரு ஓட்டப் போறா? நீங்களா?” என்று கேட்டார்.

“ஆமாம்” என்றேன்.

நான் கான்சில் ஓட்டுகிறேன், எனக்கு மெனுவல் பழக்கம்தான். பொய்யென்றும் சொல்ல முடியாது.

13 ஜூலை, ஞாயிறு

கிளட்ச் இடது காலில்.

நேற்று முழுக்க அந்த ஒன்றை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். ஆட்டோவாக இருந்தால் வலது கால் ஒன்று போதும், அண்ணன் இன்றைக்கே ஓட்டலாம். மெனுவல் மாட்டினால் இந்தக் காரில் அவர் இனிமேல் ஏறி உட்காரலாம், ஓட்ட முடியாது. அவர் வரவே போவதில்லை என்றால் எதுவாக இருந்தால் என்ன? வருவார் என்று நான் எதை வைத்து நினைக்கிறேன்? எட்டு எலுமிச்சம்பழத்தை வைத்தா?

18 ஜூலை, வெள்ளி

இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வது என்று முடிவு செய்தேன். ராகினிக்கு மெசேஜ் அனுப்பினேன். லூபோக் சீனாவில் அண்ணன் குடியிருக்கும் வீட்டுக்காரி. நல்ல பெண். அண்ணனுக்குப் பொய்க்கால் போட்டதும், செம்பனைப் பழம் வாங்கும் இடத்தில் லாரி நிறுக்கும் வேலை கிடைத்ததும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு வழியையும் விளக்கமாக எழுதி, அண்ணனைக் கேட்டுச் சொல் என்றேன்.

பின்னேரம் குரல் பதிவு வந்தது. “அக்கா, அண்ணன்கிட்ட கேட்டேன். மெனுவல் போட்டு வித்துடச் சொல்லுன்னாரு. அவருக்கு வேணாமாம். அவ்ளோதான் சொன்னாரு. சாப்ட்டீங்களாக்கா?”

நாலு தடவை கேட்டேன். நாலாவது தடவை ‘சாப்ட்டீங்களாக்கா’-வில் அழுகை வந்துவிட்டது. அண்ணன் சொன்னதற்கு வரவில்லை, அதற்கு வந்தது. என்னை அப்படி யாராவது கேட்டு எவ்வளவு நாளாகிறது.

20 ஜூலை, ஞாயிறு

ஒருத்திக்கு மீன் குழம்பு வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரியே ஊறப் போட்ட புளி இரண்டு பேருக்கானது. நேற்று அந்தக் குழம்பு, இன்றைக்கும் அந்தக் குழம்பு, நாளைக்கும் அதுதான். டிவியில் சத்தம் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது.

அண்ணன் இருந்தபோது சண்டைதான். சோற்றில் கல், டாய்லெட் லைட், அவர் செருப்பைக் கழற்றும் இடம். இப்போது லைட்டைப் போட்டுவிட்டு நானே அணைக்க மறக்கிறேன், திட்ட ஆளில்லை.

விற்கச் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்ய வேண்டியதுதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

25 ஜூலை, வெள்ளி

ஆபீஸ் முடிந்து வர்க்‌ஷாப் போனேன். “மெனுவலே போட்டுடுங்க” என்றேன். என் குரல் எனக்கே நன்றாகத்தான் கேட்டது.

திலீபன் ஒரு பாரத்தைக் கொடுத்தார், அச்சடித்த படிவம். செய்யப்போகும் வேலையை மலாயில் எழுதியிருந்தார். கீழே ஒரு கோடு, அதற்கடியில் ‘உரிமையாளர் கையொப்பம்’.

“பாடி வெட்டுற வேலைன்னா நான் கையெழுத்து வாங்கிடுவேன் அக்கா. பின்னாடி யாரும் வந்து, யாரைக் கேட்டு வெட்டுனன்னு கேக்கக் கூடாதுல்ல.”

பேனாவைத் திறந்தேன். மூடினேன். “காடி என் பேர்ல இல்ல” என்றேன்.

“பரவால்ல லா, வீட்டு ஆள் போட்டாப் போதும்.”

அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டு ஆள் போட்டால் போதும். தலைவலி என்று சொல்லி பாரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஏர்கோனைக் கூட்டிக் கூட்டி வைத்தும் வியர்த்தது.

26 ஜூலை, சனி

இதை நான் எழுதினதே இல்லை. அந்த வருட டைரியில் அந்தத் தேதி வெற்றாக இருக்கிறது. இன்று போய்ப் பார்த்தேன்.

அண்ணனுக்கு மூன்று நாளாக ஜுரம், உளறல். கால் பாதத்தில் ஆரம்பித்தது மேலே ஏறிவிட்டது. டாக்டர் நல்லவிதமாகத்தான் விளக்கினார். எடுக்காவிட்டால் உயிர் போகும். காலையில் அவருக்குத் தெளிவிருந்தால் அவரிடமே பேசுகிறோம், இல்லையென்றால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

காலை ஆறு மணிக்கு அண்ணன் கண் விழித்தார். உளறவில்லை. “சுசீ, ஊட்டுக்குப் போவலியா நீ?” என்றார். குடிக்க மைலோ கேட்டார். ஆபரேஷனுக்காக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். “ரத்தம் எடுக்கணுமாம், அப்புறம் தர்றேன்” என்றேன். சரியென்று கண்ணை மூடிக்கொண்டார். அரை மணி நேரம். அரை மணி நேரம் என் அண்ணன் நல்ல நினைவோடு இருந்தார்.

ஏழு மணிக்கு நர்ஸ் வந்து, எழுந்தாரா, பேசினாரா என்று கேட்டாள். “உளறுறாரு” என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

ஏன் சொன்னே? ஏன்டி சொன்னே? பயம். வேணாம்னு சொல்லிடுவாரோன்னு பயம். வேணாம்னு சொல்லிட்டுச் செத்துப் போயிடுவாரோன்னு. அதோட, அந்த மூஞ்சியப் பாத்து ‘அண்ணே, கால எடுக்கப் போறாங்க’ன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. அதுதான் நிஜம்.

மத்தியானம் விழித்ததும் முதலில் மைலோவைத்தான் கேட்டார். பிறகு போர்வையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் கேட்டார். “அன்னைக்குக் காலைல நான் முழிச்சேன்ல? உன்கிட்ட பேசுனேன்ல? அப்பவே ஏன் சொல்லல?” அப்போதாவது சொல்லியிருக்கலாம். “நீ எங்க பேசுன, உளறிக்கிட்டுக் கெடந்த” என்றேன். அவர் என்னையே பார்த்தார். அடுத்த வாரம் சப்பாத்துகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கையெழுத்துக்காகக் கோபம் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கையெழுத்தாவது ஒரு மண்ணாவது.

2 ஆகஸ்ட், சனி

லூபோக் சீனா போய் வந்தேன். வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் செம்மண் வளாகம், குலைகள் மலையாகக் குவிந்திருந்தன. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், வெயில் படாத ஒரு மேடையில் கான்சிலை ஏற்றி நிறுத்தினேன். மேலே இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. “கான்சில்! அது தராசு. எறங்கு, பின்னாடி லாரி நிக்கிது.”

அண்ணன் குரல். இரண்டு வருடம் மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. லாரி நிறுக்கும் தராசின் மேல் நின்றுகொண்டு, பதற்றத்தில் இன்ஜினை வேறு அணைத்துவிட்டேன். பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. ஒருவழியாக இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போனேன்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், முடி முக்கால்வாசி வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தார். மேசைக்கடியில் கால்கள் தெரிந்தன. வலது காலில் பழைய பழுப்புச் சப்பாத்து, அவருக்குப் பிடித்த ஜோடியில் ஒன்று. பொய்க்காலில் மலிவான வெள்ளை விளையாட்டுச் சப்பாத்து.

வர்க்‌ஷாப் பாரத்தை ஜன்னல் வழியாக நீட்டினேன். படித்தார்.

“ராகினிகிட்ட சொன்னேனே.”

“ராகினி சொன்னா. நீ சொல்லல.”

“கையெழுத்துப் போடறதுல நீதான கெட்டிக்காரி. போட வேண்டியதுதான?”

இதை அவர் சொல்வார் என்று நாற்பது கிலோமீட்டர் தூரமும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

“அண்ணே, அன்னைக்கு நீ உளறல. ஆறு மணிக்கு முழிச்ச. ஊட்டுக்குப் போவலியான்னு கேட்ட. மைலோ கேட்ட. நல்லாத்தான் பேசுன. நான்தான் நர்சுகிட்ட பொய் சொன்னேன். அப்புறம் உன்கிட்டயும் பொய் சொன்னேன்.”

பேனாவைக் கீழே வைத்தார். வெளியே லாரிக்காரன் என்னவோ கத்தினான்.

“ரெண்டு வருஷமா என் மண்டையிலதான் கோளாறுன்னு நெனச்சிக்கிட்டிருக்கேன்” என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “கனவு கண்டுட்டு உன்ன சந்தேகப்படறேனோன்னு. ராத்திரி ராத்திரி அந்த மைலோவையே நெனச்சிப் பாப்பேன்.”

வெயிலில் அங்கேயே நின்றேன்.

லாரி ஏறியது. நிறுத்தார். இன்னொன்று ஏறியது. அதையும் நிறுத்தார். மூன்றாவதற்கு ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, “போ சுசீ. வெயில்ல நிக்காத” என்றார். பாரம் அவர் கையிலேயே இருந்தது. திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மஸ்ஜித் தானாவில் நிறுத்தி பாலில்லாத தே ஓ ஒன்று குடித்தேன். பாதியை மேசையிலேயே சிந்தினேன்.

9 ஆகஸ்ட், சனி

ஒன்றும் இல்லை.

15 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி கடைசி வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றினார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தூணோரம் நின்று குடித்துவிட்டு வந்தேன். திலீபன் போன் செய்து, அந்த மெனுவல் கியர்பாக்ஸை வேறொருவர் கேட்கிறார், என்ன சொல்கிறீர்கள் என்றார். கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல ஆசை. ஆனால் அதுவும் நான் முடிவு செய்ததாகிவிடும். “ஓனர்கிட்ட பாரம் இருக்கு. அவரு சொல்லட்டும்” என்றேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மத்தியானம் திலீபன் போன். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் திறந்திருப்பார்.

“அக்கா, ஒங்க அண்ணன் வந்துட்டுப் போறாரு.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

லூபோக் சீனாவிலிருந்து பழ லாரியில் தொற்றிக்கொண்டு வந்தாராம். பாரத்தில் மெனுவல் என்று இருந்ததை அடித்துவிட்டு, ‘ஆட்டோ. இதையே பிரித்துச் செய்யவும்’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். தனக்கு முன்னாலேயே பிரிக்கச் சொல்லி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் கையில் வாங்கிப் பார்த்தாராம்.

“எவன் இத நிக்க வச்சே ஸ்டார்ட் பண்ணதுன்னாரு. நான் சொல்லிட்டேங்க்கா, ஒங்க தங்கச்சிதான், வெள்ளிக்கிழமை சூடம் காட்டி, ஆயுத பூஜைக்குப் பின்னாடி எலுமிச்சங்கா வச்சின்னு.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“ஒன்னும் சொல்லல. எலுமிச்சங்கா ஏன் பின்னாடின்னாரு. அப்புறம் சிரிச்சாரு.”

“சிரிச்சாரா?”

“சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு லா. எண்ணெய்க் கையாலயே மூஞ்சியத் தொடச்சிக்கிட்டாரு, சரியாத் தெரியல.”

போனை வைத்த பிறகு, எனக்கு அண்ணன் போன் செய்யவில்லையே என்று தோன்றியது. அலோர் காஜாவிலிருந்து இங்கே இருபது நிமிடம்தான். வரவில்லையே. கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது.

14 செப்டம்பர், ஞாயிறு

சாமான் வந்துவிட்டது. ஞாயிறுதோறும் அண்ணன் வந்து ஸ்டூலில் உட்காருகிறாராம். நான் அங்கே போவதில்லை. நான் வருவேன் என்று தெரிந்தால் அவர் வராமல் இருந்துவிடலாம். திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தில் திலீபனுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்கிறேன். என்ன சட்டை, சாப்பிட்டாரா, சர்க்கரை போட்டுக் குடித்தாரா? திலீபன் பாவம், கியர்பாக்ஸைப் பற்றிச் சொல்லத்தான் அவருக்கு ஆசை.

27 செப்டம்பர், சனி

வோல்வோ வீட்டுக்கு வந்துவிட்டது. திலீபனே ஓட்டி வந்தார். கோஸ்தான் வெண்ணெய் மாதிரி எடுக்கிறது என்றார். போர்ச்சில் பழையபடி மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து நிறுத்தினார்.

“அண்ணன்தான் இங்க விடச் சொன்னாரா?”

“ஆமாங்க்கா. தங்கச்சி ஊட்டுலயே இருக்கட்டும்னாரு.”

அவருக்கு வேண்டாம் என்றுதானே அர்த்தம்? ஓட்டத்தான் ஆட்டோவாகவே செய்யச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை விற்க அதுதான் நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

“நிக்க வைக்காதீங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு ரவுண்டு ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சரி சரி என்றேன். ஓட்டவில்லை.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. லீவு போட்டேன். காரைக் கழுவி, பொட்டு வைத்து, நாலு எலுமிச்சம்பழம். எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பின்னால்தான் வைத்தேன்.

ராகினிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள், இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. கொண்டைக்கடலையை நானே சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் வராவிட்டால் நானே ஏறி நசுக்கிவிடுவது. இன்னொரு தடவை அந்த சீலைக் காய விட மாட்டேன்.

5 அக்டோபர், ஞாயிறு

ஒன்பது மணிக்குச் சாவியோடு வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பழ லாரி நின்றது. அண்ணன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். உதவிக்கு ஓடலாம் என்று கால் துடித்தது. கேட்காமல் செய்யக் கூடாது என்று நின்றுவிட்டேன்.

வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டயரை உதைத்தார், வலது காலால். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

“நசுக்கலியா?”

“இல்ல.”

“யாருக்காக வச்சிருக்க?”

“தெரியாதா உனக்கு?”

சாவிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். வீட்டுக்குள் வாவென்று கூப்பிட்டேன், இன்னைக்கு வேண்டாம் என்றார். ஏறி உட்கார்ந்து சீட்டைப் பின்னால் தள்ளினார், ஸ்டார்ட் செய்தார். கண்ணாடியை இறக்கினார்.

“அன்னைக்கு நீ கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“தெரியும்.”

“செத்துருப்பேன்.”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சாலும் கேக்கணும்டி” என்றார். குரல் உடைந்தது. எனக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கக் கைக்குட்டை இல்லை. பிறகு, “போ, போய் ரோட்டப் பாரு. கோஸ்தான் எடுக்கணும்ல. பின்னாடி யாரு பாப்பா?” என்றார்.

ஓடிப்போய் ரோட்டில் நின்றேன். “வா... வா... வா... ரைட்ல ஒடி... வா...” கார் பின்னால் நகர்ந்தது. நாலு பழமும் நசுங்கின, ஒன்று என் புடவையில் தெறித்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா கேட்டருகில் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். நான் இன்னும் சத்தமாக “வா வா” என்றேன். அவ்வளவு சத்தம் தேவையில்லை, தெரியும்.

ரோட்டில் நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிட்டார். “என் எடது சப்பாத்தெல்லாம் போட்டுட்டியா?”

“ரேக்லதான் இருக்கு. ஆறும்.”

“அந்தப் பழுப்ப எடுத்துட்டு வா.”

எடுத்து வந்து தூசி தட்டிக் கொடுத்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றினார், பொய்க்காலில் பழுப்பை மாட்டினார். கொஞ்சம் இறுக்கம். கயிற்றைக் கட்ட இரண்டு தடவை குனிந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை, “கட்டு” என்றார். உட்கார்ந்து கட்டிவிட்டேன்.

“மத்ததும் எடுத்தாரவா? பையில போட்டுத் தரவா?”

காரை டி-யில் போட்டார்.

“இருக்கட்டும். வந்து எடுத்துக்கறேன்.”

போர்ச் காலியாக இருக்கிறது. தரையில் எலுமிச்சைத் தோலும் சாறும், கழுவவில்லை. ரேக்கில் என்னுடையது இரண்டு ஜோடி, அண்ணனுடைய இடது கால் சப்பாத்து ஐந்து.